கேட்கப்படாத மந்திரம்

(இளங்கலை ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு உரம் விழுந்தால் முதலில் என் அப்பத்தாவிடம்தான் தூக்கி வருவார்கள். அவர் உள்ளங்கையில் விளக்கெண்ணெயைத் தேய்த்துக் கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடியே பிள்ளையின் கழுத்தையும் தோளையும் மெல்ல வழித்து விடுவார். சுளுக்கு எடுப்பதும் அவரே. பேறுகாலம் பார்ப்பதிலும் அவர் கைராசிக்காரர் என்று பெயர். ஒருநாள் வீட்டுக்கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு, அப்பத்தாவின் பெயருக்கு நேரே வந்ததும், "இவர்களுக்கு என்ன தொழில்?" என்றார். "தொழில் ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்றார் என் தந்தை. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அந்த வாரத்தில் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கு அப்பத்தா உரம் எடுத்திருந்தார். திண்ணையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அன்று அது பெரிதாகப் படவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் நான்கு ஆங்கிலப் புதினங்களைக் கொடுத்துப் படித்து வரச் சொன்னார். நான்கும் பழங்காலத்தில் நடப்பவை. நான்கிலும் பெண்களுக்கு ஆயிரம் தடைகள். அத்தடைகளுக்குள்ளே ஒளிந்து கிடக்கும் மந்திர ஆற்றல். படித்து முடித்தபோது அந்தக் கணக்குத் தாளில் எழுதப்பட்ட ஒற்றை வரி என் நினைவுக்கு வந்தது. அப்புதினங்கள் எனக்குக் கற்பித்ததை இங்கு என்னுடன் பயிலும் தோழர், தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வரலாறும் மாயமும்

சரித்திர நாவல் நமக்குப் புதிதன்று. கல்கியையும் சாண்டில்யனையும் படிக்காமல் கல்லூரிக்கு வந்தோர் சிலரே இருப்பர். உண்மையில் வாழ்ந்த அரசர், நடந்த போர் ஆகியவற்றின் நடுவே கற்பனை மாந்தரை உலவவிடுவது அவ்வகை. நான் கூறவரும் வரலாற்று மாயப் புதினம் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறது. நாடும் ஆண்டும் சட்டமும் வழக்கமும் வரலாற்றில் உள்ளவாறே இருக்கும். மந்திரம் ஒன்று மட்டும் மெய்யாகவே பலிக்கும். நெப்போலியனோடு இங்கிலாந்து போரிடும். அப்போரில் ஒரு மந்திரவாதியும் பங்கு கொள்வார். இதுவே இவ்வகையின் இலக்கணம் எனலாம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இல்லாத மந்திரத்தையே இருப்பதாகக் கற்பனை செய்யும் ஆசிரியர், பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்தப் பழைய விலங்குகளைப் பூட்டி வைக்கிறார்? ஒரு வரியில் அவற்றை அறுத்தெறியலாமே! நல்ல ஆசிரியர்கள் அவ்வாறு செய்வதில்லை. தடை இருந்தால்தான் ஆற்றல் எங்கே ஒளிந்தது, யார் ஒளித்தார் என்று காட்ட முடியும். நான் படித்த புதினங்களில் மூன்று பூட்டுகளைக் கண்டேன். அவற்றை வீட்டுப் பூட்டு, ஏட்டுப் பூட்டு, வாய்ப் பூட்டு என அழைக்கிறேன்.

வீட்டுப் பூட்டு

அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் ஆர்டன் 2017-இல் வெளியிட்ட 'தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்' 14-ஆம் நூற்றாண்டு ருசிய நாட்டில் நடக்கிறது. வடக்கே காட்டோரச் சிற்றூர் ஒன்றின் தலைவருடைய மகள் வாசிலிசா. அடுப்படியில் வாழும் வீட்டுக் காவல் தேவதையும், குதிரை இலாயத்தின் தேவதையும், ஏரியில் உறையும் நீரணங்கும் அவள் கண்ணுக்குப் புலப்படுவர். அடுப்புத் தேவதைக்கு ஒரு துண்டு ரொட்டி வைப்பது ஊரார் வழக்கம். அவர்கள் பழக்கத்தால் வைக்கிறார்கள்; இவளோ, எதிரே இருப்பவரைப் பார்த்தே வைக்கிறாள்.

அவள் முன் இரண்டே வழிகள் உள்ளன: ஒன்று திருமணம், மற்றொன்று கன்னிமாடம். இரண்டுக்கும் சுவர் உண்டு. இரண்டுக்கும் கதவு வெளிப்பக்கமாகவே பூட்டப்படும். இரண்டையும் மறுக்கும் பெண்ணைச் சூனியக்காரி என்பர். இதே வரிசையில் அடுத்த புதினம் மாஸ்கோவின் உயர்குடிப் பெண்கள் அடைபட்டு வாழ்ந்த 'தெரெம்' என்னும் மாடத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. உண்மை வரலாற்றில் அவ்வழக்கம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளிலேயே நன்கு வேரூன்றியிருந்தது. ஆசிரியர் அதனைச் சற்று முன்னதாகவே கொண்டுவந்திருக்கிறார். கதைக்காக எடுத்துக்கொண்ட உரிமை அது.

இப்புதினத்தில் என்னை மிகவும் கவர்ந்தவள் வாசிலிசா அல்லள். அவளுடைய சிற்றன்னை அன்னாவே. அன்னாவுக்கும் அதே பார்வை உண்டு. அவளும் அதே தேவதைகளைக் காண்கிறாள்; ஆனால் அவற்றைப் பேய்கள் என்று எண்ணி நடுங்குகிறாள். கன்னிமாடத்தில் அடைக்கலம் புகுந்து இறைவனைத் தொழவே அவள் விரும்பினாள். அவளைக் கேளாமலேயே மணம் செய்து அனுப்பிவிட்டனர். வாசிலிசாவுக்கு வயதான செவிலி ஒருத்தி குளிர்கால இரவுகளில் பழங்கதைகள் சொல்லி வளர்த்தாள். ஆகவே தான் காண்பது இன்னதென்று அவளுக்குத் தெரியும். அன்னாவுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரே வரம், ஒருத்திக்கு வலிமையாகவும் மற்றொருத்திக்கு நோயாகவும் ஆயிற்று. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கதை சொன்ன அந்தக் கிழவி என்பதே என் துணிபு. பின்னர் ஊருக்கு வந்த குரு ஒருவர் படையலை நிறுத்தச் சொல்கிறார்; தேவதைகள் மெலிகின்றன; கடுங்குளிரும் அச்சமும் ஊரைச் சூழ்கின்றன. பெண்கள் அடுப்படியில் காத்து வந்த வழக்கம் அற்பமானதன்று என்பது அது நின்ற பின்புதான் புரிகிறது.

ஏட்டுப் பூட்டு

மலேசியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் ஜென் சோ 2015-இல் எழுதிய 'சார்சரர் டு தி கிரவுன்' நகைச்சுவை நிரம்பியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இலண்டன். அங்கே மந்திரவாதிகளுக்கென்று அரச அங்கீகாரம் பெற்ற கழகம் ஒன்று உண்டு. உறுப்பினர் எல்லாரும் ஆண்கள். பெண்ணின் மெல்லிய உடல் மந்திரத்தைத் தாங்காது என்பது அவர்களின் சித்தாந்தம். எனவே மந்திர ஆற்றலோடு பிறந்த உயர்குடிப் பெண்களுக்கென்று ஒரு பள்ளி நடக்கிறது. அங்கு என்ன கற்பிக்கிறார்கள் தெரியுமா? மந்திரத்தை அடக்கி ஒழிப்பது எப்படி என்பதை!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பணக்கார வீட்டுப் பெண்கள்தாம் மந்திரம் செய்யலாகாது. சமையற்காரியும் வேலைக்காரியும் வீட்டு வேலைக்காகச் சின்னஞ்சிறு மந்திரங்களைச் சொன்னால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களின் மந்திரம் மந்திரமாகவே எண்ணப்படுவதில்லை. எத்தனை நுட்பமான கிண்டல்! உழைக்கும் பெண் எத்தனை திறமை காட்டினாலும் அது வெறும் கைவேலை. அதே திறமை கற்றோர் அவையில் நுழைய முயன்றால் ஆபத்து.

கதைத்தலைவி புரூனெல்லா அப்பள்ளியில் வளர்ந்த அனாதை. அவள் தாய் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்தோடு தொடர்புடைய இந்தியப் பெண். கதைத்தலைவர் சக்கரியாஸ், அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து அரசின் தலைமை மந்திரவாதியாக உயர்ந்த கறுப்பினத்தவர். அவையில் அவரையே ஏற்க மனமில்லாதோர் பலர். பள்ளிக்குச் சொற்பொழிவாற்றச் சென்ற அவர், அடக்கி வைக்கப்பட்ட சிறுமிகளின் ஆற்றலைக் கண்டு திகைக்கிறார். நாட்டில் மந்திரம் வற்றிவிட்டதே என்று கழகத்தார் புலம்பிக்கொண்டிருக்கும் அதே வேளையில், பள்ளியில் அதனைப் பாடத்திட்டம் வகுத்து வற்றடிக்கிறார்கள்.

இது வெறுங்கற்பனையோ என்றால், இல்லை. இலண்டன் ராயல் சொசைட்டி தொடங்கப்பெற்றது 1660-இல். முதன்முதலாகப் பெண்கள் இருவர் அதன் உறுப்பினரானது 1945-இல். இடையே 285 ஆண்டுகள்! ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல்.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. 1322-ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஜாக்கோபா ஃபெலிசி என்னும் பெண்மணி மீது மருத்துவக் கல்வியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். உரிமம் இன்றி மருத்துவம் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. நோயுற்றிருந்து குணமானவர்கள் மன்றத்துக்கு வந்து, மற்ற மருத்துவர்களால் தீராததை இவர் தீர்த்தார் என்று சாட்சி கூறினர். பெண்கள் தம் உடல்நோயை ஆண் மருத்துவரிடம் கூற நாணுவர். ஆகையால் பெண் மருத்துவர் தேவை என்றும் அவர் தரப்பில் வாதிடப்பட்டது. தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதன்று அங்கே வினா. ஏட்டில் படித்தாரா என்பதே. பாரிசுப் பல்கலைக்கழகமோ பெண்ணைச் சேர்த்துக்கொள்ளாது! பள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று தண்டிப்பதே ஏட்டுப் பூட்டின் தன்மை.

வாய்ப் பூட்டு

சுசானா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்டிரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' 2004-இல் வெளிவந்த பெருநூல். நெப்போலியன் போர்க்கால இங்கிலாந்தில் இரு மந்திரவாதிகள் புகழ் பெறுவதே மேலோட்டமான கதை. ஆனால் அப்புகழின் விலையைக் கொடுத்தவள் ஒரு பெண்.

அமைச்சர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்ட இளம்பெண் நோயுற்று இறந்துபோகிறாள். அரசின் ஆதரவைப் பெற விரும்பும் நாரெல், மாயவுலகத்தவன் ஒருவனை அழைத்து அவளை உயிர்ப்பிக்கிறார். விலை, அவள் ஆயுளில் பாதி. பேரம் நடந்தபோது அவளை யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, அவள்தான் இறந்து கிடக்கிறாளே! விளைவு என்னவென்றால், பகலில் சீமாட்டி போலாக இலண்டன் மாளிகையில் இருக்கும் அவள், ஒவ்வோர் இரவும் மாயவுலக மண்டபத்தில் விடியும்வரை நடனமாட வேண்டும். உலகமே அவள் மீண்டெழுந்ததை அதிசயம் என்று கொண்டாட, அவளோ களைத்துத் துவள்கிறாள்.

தன் துன்பத்தை வெளியிட அவள் வாயைத் திறந்தால், உள்ளத்தில் நினைத்த சொல் வருவதில்லை. சம்பந்தமே இல்லாத ஏதோ பழங்கதை வருகிறது. மந்திரத்தின் கட்டு அப்படி. கேட்போர் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கின்றனர். மருத்துவர் வருகிறார், போகிறார். கடைசியில் அவளை ஊருக்கு வெளியே ஒரு மனநோயாளர் இல்லத்தில் வைக்கிறார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பெண் பேசவே இல்லை என்பதன்று இங்கே துயரம், பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். அவள் பேச்சைப் பிதற்றல் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்கள். நோய் என்று பார்த்தவர்களுக்கு நோய் மட்டுமே தெரிந்தது. உட்கார்ந்து காது கொடுக்கும் மனிதர் வாய்த்த பிறகே, அதற்குள் ஏதோ இருக்கிறது என்பது புலனாகத் தொடங்குகிறது.

இதே ஆசிரியர் 2006-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியில், நாட்டுப்புறத்து மூன்று பெண்கள் யாருக்கும் தெரியாமல் மந்திரம் பயில்கிறார்கள். புகழ்பெற்ற மந்திரவாதி ஸ்டிரேஞ்சே அவ்வூருக்கு வந்து வியக்க நேர்கிறது. பெரிய நூலில் வெளியே தெரியாத பெண்கள், சிறுகதையில் தாமே கதவைத் திறந்து காட்டுகிறார்கள்.

ஒளித்து வைத்த இடங்கள்

பூட்டுகளைப் பார்த்தோம். அப்படியானால் மந்திரம் எங்கே போய் ஒளிந்தது? இதற்கு விடை கூறுவது அலிக்ஸ் ஹாரோ 2020-இல் எழுதிய 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் விட்சஸ்'. 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூ சேலம் என்னும் கற்பனை நகரில் கதை நடக்கிறது. மூன்று சகோதரிகள்: ஒருத்தி நூலகத்தில் பணிபுரிபவள், ஒருத்தி ஆலைத் தொழிலாளி, இளையவள் வீட்டைவிட்டு ஓடி வந்தவள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கா முழுமைக்குமான அரசியல் சட்டத் திருத்தம் 1920-இல்தான் வந்தது.

மந்திர ஏடுகள் எரிக்கப்பட்டுவிட்ட உலகம் அது. ஆனாலும் மந்திரம் அழியவில்லை. குழந்தைகளுக்குப் பாடும் சிறுபாட்டில் ஒரு வரியாக இருக்கிறது, பாட்டி சொல்லும் கதையில் இருக்கிறது, தையலில் இருக்கிறது. தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லி வந்திருக்கிறது. யார் சோதனைக்கு வந்தாலும் தாலாட்டைப் பறிமுதல் செய்ய மாட்டார்கள் அல்லவா? கறுப்பினப் பெண்களுக்கென்று தனியே ஒரு மறைவான சங்கமும் கதையில் உண்டு. வெள்ளையர் பெண்கள் இயக்கத்திலேயே தமக்கு இடமில்லாததால் அவர்கள் தம் அறிவை வேறிடத்தில் காத்தனர்.

அச்சங்கம் திதுபா என்பவரின் பெயரால் அமைந்தது. திதுபா கற்பனைப் பாத்திரம் அல்லர். 1692-இல் மாசச்சூசட்சின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்கில் முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவர், அடிமைப் பெண். அவ்வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். மேலும் ஒரு முதியவர் பாரக் கற்களால் அழுத்திக் கொல்லப்பட்டார். அவர்களை எரித்தார்கள் என்று பலர் எண்ணுகிறோம். அது தவறு, சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை.

ஓர் எச்சரிக்கை

இவ்வகை நூல்களில் எல்லாம் நன்று என்று நான் கூறமாட்டேன். இரண்டு குறைகள் சிலவற்றில் தலைகாட்டுகின்றன.

ஒன்று, கதைத்தலைவி ஒருத்தியே அறிவாளி, மற்றப் பெண்கள் எல்லாரும் அடங்கிக் கிடக்கும் பேதையர் என்று எழுதுவது. மந்திரம் இருந்ததால் இவள் தப்பினாள் என்றால், மந்திரம் இல்லாத கோடிப் பெண்கள் தப்பாமற் போனது அவர்கள் குற்றம் என்று ஆகிவிடாதா? அன்னாவைப் போன்ற ஒரு பாத்திரம் நூலில் இருக்கிறதா என்று பார்த்தே நான் இப்போது நூலை மதிப்பிடுகிறேன்.

மற்றொன்று, வரலாற்றையே மிகைப்படுத்துவது. ஐரோப்பியச் சூனிய வேட்டையில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் ஐசுலாந்து போன்ற இடங்களில் ஆண்களே மிகுதி. கொல்லப்பட்டோர் எல்லாரும் மருத்துவச்சிகள் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. அதற்குப் போதிய சான்று இல்லை என்பர் பின்வந்த ஆய்வாளர். உண்மையே போதிய அளவு கொடியது. அதனைப் பெருக்கிக் காட்டத் தேவையில்லை.

முடிவுரை

ஆக, இப்புதினங்களில் வரும் மறைந்த மந்திரம் யாது? பெண்கள் உண்மையாகவே பெற்றிருந்த அறிவுக்கு ஆசிரியர்கள் இட்ட பெயர் அது என்பேன். கைப்பழக்கமாக, பாட்டாக, கதையாக, வழக்கமாக இருந்ததால் அது அறிவு என்று எண்ணப்படவில்லை. புதினத்தில் அது மந்திரமாகிப் பளிச்சிடும்போதுதான் நமக்குக் கண் தெரிகிறது. வீட்டையும் ஏட்டையும் வாயையும் பூட்டிய காலம் ஒன்று இருந்தது. எனினும் கேட்கும் செவி ஒன்று இருந்தவிடத்தில் எல்லாம் மந்திரம் பிழைத்தது. செவிலியின் கதையை ஒரு சிறுமி கேட்டாள். சீமாட்டியின் பிதற்றலை யாரோ உட்கார்ந்து கேட்டார்கள். தாலாட்டை மகள் கேட்டு வைத்தாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பத்தா முணுமுணுத்த சொற்கள் யாவை என்று ஒருமுறை சிறுவயதில் கேட்டேன். "கிரகணத்தன்னைக்குத்தான் சொல்லிக் கொடுக்கணும். நீ பெரிய மனுசி ஆனதும் வா, சொல்றேன்" என்றார். நான் பெரியவளானேன், கல்லூரிக்கும் வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான். அதன்பின் கிரகணங்கள் வந்தன. விடுதியிலிருந்து ஊருக்குப் போய் ஒரு கிழவியிடம் மந்திரம் கேட்பதா என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டேன். சென்ற தை மாதத்தில் அப்பத்தா காலமானார்.

பிள்ளையின் கழுத்து நிமிர்ந்தது சொல்லாலா, விரலின் பழக்கத்தாலா என்று கேட்டால், விரலால்தான் என்றே சொல்வேன். ஆனால் எந்த விரல், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் என்பதும் இப்போது எவருக்கும் தெரியாது. கணக்குத் தாளில் 'தொழில் இல்லை' என்று எழுதியவரை நான் குறை கூறவில்லை. அவர் கேட்கவாவது செய்தார். படித்த நான் கேட்கவில்லை. பழைய பூட்டுகளைப் பிறர் பூட்டினார்கள். இந்தக் கடைசிப் பூட்டை நானே பூட்டினேன்.

தோழர்களே, தோழியரே! இந்த விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு வெற்று நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டிலும் தொழில் இல்லாதவர் என்று எழுதப்பட்ட ஒருவர் இருப்பார். அவர் அருகே அமர்ந்து கேளுங்கள்.